வியட்நாமுக்குள்ள பறக்கப் போறீங்களா? ஊர்க்காரங்க எந்தப் பக்கம் போறாங்கன்னு பாருங்க

திருச்சியில இருந்து ஹோ சி மின் நகரத்துக்கு, அதாவது பழைய பேர்ல சைகோனுக்கு, 2023 நவம்பர்ல வியட்ஜெட் நேரடியா பறக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம், எனக்கு வர்ற வாட்ஸ்அப் கேள்விகளோட தினுசே மாறிப்போச்சு. முன்னெல்லாம் "அங்க சைவச் சாப்பாடு கிடைக்குமா?"ன்னு வரும். இப்ப "அண்ணே, ஹனோய்ல இருந்து சைகோனுக்கு ஆளுக்கு 9,000 ரூபா காட்டுது. இப்பவே போட்டுடவா, இல்ல இறங்குமா?"ன்னு வருது.

இறங்குமா ஏறுமான்னு ஜோசியம் சொல்ல எனக்குத் தெரியாது. நான் திருப்பிக் கேக்குறது ரெண்டே கேள்வி. என்ன தேதி? எந்தத் திசையில போறீங்க? தேதியைப் பத்தி எல்லாரும் யோசிச்சு வெச்சிருப்பாங்க. திசையைப் பத்தி யாரும் யோசிக்கிறதில்ல. உள்நாட்டு விமானக் கட்டணத்துல பாதி சூட்சுமம் அந்தத் திசையிலதான் இருக்குங்கிறது என் கட்சி.

முதல்ல நாட்டோட வடிவத்தைப் பாத்துடலாம். வியட்நாம் அகலம் கம்மி, நீளம் ரொம்ப ஜாஸ்தி. ஹனோய்–சைகோன் ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். ஏறி உக்காந்தா 30 மணி நேரத்துக்கு மேல ஆகும். விமானத்துல ரெண்டு மணி நேரமும் கொஞ்சமும். அதனால ஊர்க்காரங்களே விமானத்தைத்தான் பிடிக்கிறாங்க. உலகத்துலயே கூட்டம் அதிகமா இருக்கிற உள்நாட்டு வழித்தடங்கள்ல இதுவும் ஒண்ணு. நம்ம ஆளுங்க போடுற திட்டமும் பெரும்பாலும் ஒரே அச்சுதான்: ஹனோய், ஹா லாங் விரிகுடா, அப்புறம் டா நாங், ஹொய் ஆன், கடைசியா சைகோன். லீவு மிச்சம் இருந்தா ஃபூ குவோக் தீவு. ஆக, உள்ளுக்குள்ள மட்டும் ரெண்டு மூணு ஃப்ளைட். நாலு பேர் உள்ள குடும்பம்னா இந்தச் செலவு, நம்ம ஊர்ல இருந்து அங்க போய் இறங்குற செலவுக்குப் போட்டியா வந்து நிக்கும்.

இப்ப திசைக்கு வரேன். சைகோனைச் சுத்தி பின் துவாங், டோங் நாய் பக்கமெல்லாம் தொழிற்சாலைங்க. அங்க வேலை பாக்குறவங்கள்ல ஏகப்பட்ட பேருக்குச் சொந்த ஊர் நாட்டோட நடுப்பகுதியிலயும் வடக்கிலயும் இருக்கு. டெட்ங்கிற சந்திரப் புத்தாண்டுக்கு அத்தனை பேரும் ஊருக்குக் கிளம்புவாங்க. தீபாவளிக்கு முந்தின ராத்திரி கிளாம்பாக்கத்துல இருந்து திருநெல்வேலிக்குப் போற ஆம்னி பஸ்ஸையும், அதே பஸ் காலியா சென்னைக்குத் திரும்பி வர்றதையும் நினைச்சுக்கோங்க. அச்சு அசலா அதே கதைதான், என்ன, இதுக்கு ரெக்கை இருக்கு. டெட்டுக்கு முந்தின ரெண்டு வாரமும் சைகோன்ல இருந்து ஹனோய், வின், தான் ஹோவா, ஹுவே, டா நாங் போற விமானமெல்லாம் நிரம்பி வழியும். திரும்பி வர்ற விமானத்துல பைலட், பணியாளர்கள், அங்கங்க கொஞ்சம் பயணிங்க. கம்பெனிக்காரங்க அந்த விமானத்தை எப்படியும் சைகோனுக்குக் கொண்டாந்தே ஆகணும், அடுத்த கூட்டம் அங்கதானே காத்துக்கிட்டிருக்கு! அதனால வந்த விலைக்குக் கொடுத்துடுவாங்க. டெட் முடிஞ்சதும் எல்லாம் தலைகீழா மாறும். வடக்கில இருந்து தெற்கே வர்றதுக்கு அடிதடி, தெற்கில இருந்து வடக்கே போறதுக்கு ஆள் இல்ல.

2027ல டெட் பிப்ரவரி 6ஆம் தேதி. ஜனவரி கடைசியில போறவங்க ஹனோய்ல ஆரம்பிச்சு தெற்கு நோக்கி வாங்க. பிப்ரவரி நடுவுல போறவங்க சைகோன்ல ஆரம்பிச்சு வடக்கே போங்க. பாக்குற ஊரும் தங்குற ஹோட்டலும் அதேதான், வரிசை மட்டும்தான் மாறுது.

"அண்ணே, திருச்சியில ஏறினா சைகோன்லதானே இறக்கி விடுவான்?"னு கேப்பீங்க. சரிதான், டெட்டுக்கு முன்னாடி அது தப்பான முனை. அப்ப கோலாலம்பூர் வழியாவோ சிங்கப்பூர் வழியாவோ ஹனோய்ல போய் இறங்கிட்டு, திரும்பும்போது சைகோன்ல இருந்து நேரா திருச்சிக்கு வந்துடுங்க. போற டிக்கெட்டையும் வர்ற டிக்கெட்டையும் ஒரே ஊருக்குத்தான் எடுக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்லையே. டெட்டோட முதல் ரெண்டு மூணு நாள் மட்டும் அங்க இருக்காதீங்கன்னு சொல்லுவேன். கடை, ஹோட்டல் பாதி பூட்டிக் கிடக்கும், திறந்திருக்கிறதுல விலை கூட இருக்கும்.

டெட் இல்லாத மாசங்கள்ல திசை இவ்வளவு முக்கியம் இல்ல, நாள்தான் முக்கியம். ஏப்ரல் 30 நாடு ஒண்ணு சேர்ந்த நாள், மறுநாள் மே தினம். இந்த ரெண்டையும் சேர்த்து லீவு போட்டுக்கிட்டு மொத்த நாடும் கடற்கரைக்குப் போகும். செப்டம்பர் 2 தேசிய நாளும் அப்படித்தான். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அவங்க பள்ளிக்கூட விடுமுறை. நா ட்ராங், டா நாங், ஃபூ குவோக் டிக்கெட்டெல்லாம் அப்ப எகிறும். ஆனா நமக்கு இதுல ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. நம்ம பிள்ளைங்களுக்கு மே மாசம் லீவு, அவங்க பிள்ளைங்களுக்கு மே கடைசி வரைக்கும் பள்ளிக்கூடம் உண்டு. மே முதல் வாரக் கூட்டம் கலைஞ்சதுல இருந்து மாசக் கடைசி வரைக்கும் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். தமிழ்நாட்டுக் குடும்பத்துக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி. வெயில் கொளுத்தும்தான், ஆனா வேலூர்க்காரங்ககிட்ட போய் வெயிலைப் பத்திப் பேச முடியுமா?

அக்டோபர், நவம்பர்ல டா நாங், ஹுவே டிக்கெட் மலிவா கிடைக்கும். கிடைக்குதேன்னு போடாதீங்க. அது நடுப்பகுதிக்கு மழையும் புயலும் வர்ற காலம், ஹொய் ஆன் தெருவுல படகு விடுற அளவுக்கு வெள்ளம் வர்றது அங்க சகஜம்.

அடுத்தது, எவ்வளவு கொடுத்தா அநியாயம்னு தெரிஞ்சுக்கிறது. வியட்நாம்ல உள்நாட்டு எகானமி கட்டணத்துக்கு அரசாங்கமே உச்சவரம்பு வெச்சிருக்கு. 2024 மார்ச் 1ல இருந்து அமலுக்கு வந்த கணக்குப்படி, 500ல இருந்து 850 கிலோமீட்டருக்குள்ள ஒரு வழிக்கு 22.5 லட்சம் டாங், 1,000ல இருந்து 1,280 கிலோமீட்டருக்குள்ள 34 லட்சம், அதுக்கும் மேல போனா 40 லட்சம். வாட் வரியும் ஏர்போர்ட் கட்டணமும் தனி. லட்சம்னதும் பயந்துடாதீங்க, ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங். ரெண்டு சைபரை வெட்டிட்டு மூணால வகுத்தா ரூபாய் வந்துடும். ஹனோய்–டா நாங் முதல் வகையில வரும், அதிகபட்சம் 7,500 ரூபாய். ஹனோய்–சைகோன் ரெண்டாவது வகை, 11,300 ரூபாய்க்கு ஒட்டி. வரியெல்லாம் சேர்த்தும் இதைவிட ரொம்ப மேல ஒரு விலை தெரிஞ்சா, அது பிசினஸ் கிளாஸா இருக்கும், இல்ல லக்கேஜ், இன்சூரன்ஸ்னு எதையோ உள்ள சொருகியிருப்பாங்க, இல்ல நடுவுல நிக்கிற ஏஜென்ட் தன் பங்கைச் சேத்திருப்பார்.

உச்சவரம்புங்கிறது கடைசிப் படி. சாதாரண நாள்ல, ஒரு மாசம் முன்னாடி, விடிகாலை இல்ல ராத்திரி ஃப்ளைட்டுன்னா அதுல பாதிக்கும் கீழயே கிடைக்கும். கேள்வி கேட்ட தம்பிக்கு இந்தக் கணக்கை வெச்சுத்தான் பதில் சொன்னேன். மார்ச் மாசத்துல ஒரு செவ்வாய்க்கிழமைக்கு 9,000ங்கிறது அதிகம், வேற நேரத்து ஃப்ளைட்டைப் பாரு. அதுவே டெட்டுக்கு முந்தின வாரம் வடக்கே போறதுக்குன்னா வாயை மூடிக்கிட்டு எடுத்துடு.

பழைய பதிவுகள்ல "ஆயிரம் ரூபாய்க்கு ஹனோய்–சைகோன் பறந்தேன்"னு படிச்சுட்டு வந்து சண்டை போடுறவங்களும் உண்டு. அந்தக் காலம் வேற. 2019ல பாம்பூ ஏர்வேஸ் புதுசா வந்து இறங்கினப்ப நாலு கம்பெனிங்க விலையை அடிச்சு உடைச்சாங்க. கோவிடுக்கு அப்புறம் பாம்பூ கடன்ல மாட்டி விமானங்களைக் குறைச்சுக்கிச்சு. பசிபிக் ஏர்லைன்ஸ் 2024 மார்ச்ல கையில இருந்த எல்லா விமானத்தையும் திருப்பிக் கொடுத்துட்டு, அப்புறம் தாய்க் கம்பெனியான வியட்நாம் ஏர்லைன்ஸ்கிட்ட இருந்து வாங்கி ஓட்டுச்சு. அது போதாதுன்னு ஏர்பஸ் ஏ321 நியோவுல மாட்டுற பிராட் அண்ட் விட்னி எஞ்சினை உலகம் முழுக்கச் சோதனைக்குக் கழட்டச் சொன்னதுல, வியட்நாம் ஏர்லைன்ஸ், வியட்ஜெட் ரெண்டு பேரோட விமானங்களும் தரையில நின்னுச்சு. சீட்டு குறைஞ்சா விலை ஏறத்தானே செய்யும். அதனால எந்த விலையைப் படிச்சாலும் அது எந்த வருஷத்து விலைன்னு பாருங்க, இந்தப் பதிவையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

குடும்பமா போறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும், இது வியட்நாம்னு இல்ல, எந்த நாட்டுக்கும் பொருந்தும். ஒரே விமானத்துல ஒரே மாதிரி சீட்டையே பல விலைப் படிகளாப் பிரிச்சு வெச்சிருப்பாங்க. கீழ்ப் படியில ரெண்டு சீட்டுதான் மிச்சம்னு வைங்க. நீங்க ஆறு பேருக்குத் தேடினா, ஆறையும் சேர்ந்தாப்புல கொடுக்குற அடுத்த படிக்குத் தாவி, ஆறு பேருக்கும் அந்த விலையையே காட்டும். ரெண்டு பேருக்கு மலிவா இருந்தது உங்க கண்ணுக்கே படாது. அதனால முதல்ல ஒரு ஆளுக்குத் தேடுங்க, அப்புறம் மொத்தப் பேருக்கும் தேடுங்க. ஆளுக்கு இவ்வளவுன்னு வர்ற கணக்குல பெரிய வித்தியாசம் இருந்தா ரெண்டு புக்கிங்கா பிரிச்சுப் போடலாம். ஆனா ஃப்ளைட் நேரத்தை மாத்தினா ரெண்டு புக்கிங்கையும் தனித்தனியா சரிபண்ணணும், தாத்தா பாட்டியையும் குழந்தைங்களையும் தனி புக்கிங்ல விட்டுடாதீங்க. சில நூறு ரூபாய்க்காக இதைச் செய்ய வேண்டாம்.

பிரவுசர் குக்கியை அழிச்சுட்டுத் தேடு, ராத்திரி 12 மணிக்குத் தேடுன்னு சொல்றதையெல்லாம் நான் நம்புறதில்ல. நீங்க பாத்துக்கிட்டிருக்கும்போதே விலை ஏறினா, அந்தக் கீழ்ப் படி சீட்டை வேற யாரோ வாங்கிட்டாங்கன்னு அர்த்தம்.

தேடுறதுக்கு கூகுள் ஃப்ளைட்ஸ், ஸ்கைஸ்கேனர், தென்கிழக்காசியாவுக்கு ட்ராவலோகா, எதை வேணா வெச்சுக்கோங்க. வாங்குறது மட்டும் விமானக் கம்பெனியோட சொந்தத் தளத்துலயே இருக்கட்டும். ஒரு தடவை ஒரு புக்கிங் தளத்துல சல்லிசா இருக்கேன்னு வாங்கினேன். கடைசிப் பக்கத்துல சேவைக் கட்டணம்னு ஒண்ணு முளைச்சுது, அதுகூடப் பரவாயில்ல. ஃப்ளைட்டை மூணு மணி நேரம் தள்ளிப் போட்ட செய்தி என் மெயிலுக்கு வரவே இல்ல, கம்பெனி அனுப்பினது அந்தத் தளத்தோட மெயிலுக்குப் போய் அங்கயே தூங்கிடுச்சு. மிச்சமான காசுக்கு ஏர்போர்ட்ல உக்காந்து காபி குடிச்சேன். வியட்நாம் காபி நல்லா இருக்கும்ங்கிறதால ரொம்பக் குறை சொல்ல மாட்டேன்.

லக்கேஜ். வியட்ஜெட்ல மலிவான ஈகோ டிக்கெட்டுக்குக் கைப்பை 7 கிலோ மட்டும்தான், உள்ள போடுற பெட்டிக்குத் தனிக் காசு. கொஞ்சம் கூடுதல் விலை டீலக்ஸ்ல 20 கிலோ பெட்டி அடக்கம். வியட்நாம் ஏர்லைன்ஸ்ல கைப்பையே 10 கிலோ வரைக்கும் விடுவாங்க, பெட்டி டிக்கெட் வகையைப் பொறுத்தது. ஆக ரெண்டு விலையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்குறதுல அர்த்தமே இல்ல. பெட்டி விலையைக் கூட்டின அப்புறம் எத்தனையோ தடவை ரெண்டும் ஒரே இடத்துல வந்து நின்னிருக்கு. பெட்டிக்கான காசை ஆன்லைன்ல முன்கூட்டியே கட்டிடணும், கவுண்டர்ல போய்க் கட்டினா விலை வேற மாதிரி இருக்கும். அஞ்சு பேர்னா அஞ்சு பெட்டி வேண்டாம், ரெண்டு பெரிய பெட்டி போதும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தட்டை, முறுக்கு எல்லாம் தூக்கிட்டுப் போறவங்க ஒண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க: முதல் ஃப்ளைட்டுக்கு மட்டும்தான் அந்த எடை, போகப் போகக் காலியாகிடும். அதனால ரெண்டாவது ஃப்ளைட்டுக்குக் கம்மி எடை வாங்கினாப் போதும். ஆனா ஹொய் ஆன்ல தையக்காரங்ககிட்ட கோட்டு தைக்கக் கொடுக்கிற எண்ணம் இருந்தா இந்தக் கணக்கு செல்லாது.

உண்மையில அதிகமா மிச்சமாகுறது ஃப்ளைட்டையே வெட்டுறதுலதான். டா நாங்–ஹுவே சுமார் 100 கிலோமீட்டர், ரயில்ல மூணு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். ஒரு பக்கம் ஹாய் வான் மலை, இன்னொரு பக்கம் கடல். ஜன்னல் சீட்டுக்காகவே ஏறலாம். ஹுவேல இருந்து ஹனோய்க்கு ராத்திரி ரயில், சுமார் 13 மணி நேரம், படுக்கை வசதி உண்டு, ஒரு ராத்திரி ஹோட்டல் வாடகையும் மிச்சம். மி சொன்ல சாம்பா அரசர்கள் கட்டின சிவன் கோயில்களைப் பாக்கணும்னு நினைக்கிறவங்களுக்கும் டா நாங்ல தங்குறதுதான் வசதி, அங்க இருந்து வண்டியில போயிட்டுச் சாயங்காலம் திரும்பிடலாம். இப்படிப் போட்டா சைகோன்–டா நாங் ஒரே ஒரு ஃப்ளைட், மிச்சமெல்லாம் ரயில்லயும் வண்டியிலயும் முடிஞ்சுடும்.

இன்னொண்ணு, ஏர்போர்ட் எங்க இருக்குன்னு பாருங்க. நா ட்ராங் டிக்கெட் எடுத்தா இறங்குறது காம் ரான்ல, ஊருக்கு 30 கிலோமீட்டருக்கு மேல. ஹனோய் நொய் பாயும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான், ஆனா அங்க 86ஆம் நம்பர் பஸ் இருக்கு, டாக்ஸி தேவையில்ல.

சில இடத்துக்கு எந்த வித்தையும் பலிக்காது. கோன் டாவ் தீவுன்னு ஒண்ணு இருக்கு, பிரெஞ்சுக்காரங்க காலத்துல இருந்து சிறைத் தீவு. அங்க ஓடுபாதை 1,830 மீட்டர்தான், பெரிய ஜெட் இறங்க முடியாது. ஏடிஆர் 72 மாதிரி சின்ன விமானங்கள்தான் போயிட்டு வருது. 2024 ஏப்ரலுக்கு முன்னாடி பாம்பூ சின்ன ஜெட் ஒண்ணை விட்டுக்கிட்டிருந்துச்சு, அதுவும் நின்னுபோச்சு. இருக்கிற சீட்டே கொஞ்சம், போட்டியும் கம்மி, விலை எப்படி இறங்கும்? வுங் டாவ்ல இருந்து வேகப் படகு இருக்கு, அதைப் பாருங்க.

மலிவு டிக்கெட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற பெரிய செலவு, தனித்தனி டிக்கெட். வெளிநாட்டு ஃப்ளைட் ஒரு டிக்கெட், உள்நாட்டு ஃப்ளைட் இன்னொரு டிக்கெட்னு நீங்களா கோத்தா, முதல் ஃப்ளைட் தாமதமானதுக்கு ரெண்டாவது கம்பெனி பொறுப்பாகாது. புதுசா டிக்கெட் வாங்கணும், அதுவும் அன்னிக்கு விலைக்கு. குடியேற்ற வரிசை, பெட்டி எடுக்கிறது, டெர்மினல் மாறுறது எல்லாம் இருக்கு. ஹனோய்ல உள்நாடும் வெளிநாடும் வேற வேற கட்டடம், நடுவுல பஸ் விடுறாங்க. சைகோனோட தான் சொன் நியத் ஏர்போர்ட்ல 2025 ஏப்ரல்ல உள்நாட்டுக்குன்னு டி3ன்னு புது டெர்மினல் திறந்தாங்க. பழைய டி1லயும் உள்நாட்டு ஃப்ளைட் உண்டு, டிக்கெட்ல எதுன்னு பாருங்க. அஞ்சு மணி நேரம் இடைவெளி விடுங்கன்னு நான் சொல்லுவேன். அதைவிட நல்லது முதல் ராத்திரியை இறங்கின ஊர்லயே கழிக்கிறது. சைகோன்னா பென் தான் சந்தைக்குப் பக்கத்துலயே நம்மவங்க கட்டின மாரியம்மன் கோயில் இருக்கு, ஒரு கும்பிடு போட்டுட்டு மறுநாள் வடக்கே பறக்கலாம்.

காசு கட்டும்போது கார்டு மறுத்தா பதறாதீங்க. 2020ல ரிசர்வ் வங்கி கொண்டாந்த விதிப்படி, புதுசா வர்ற கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைச்சுத்தான் இருக்கும், பேங்க் ஆப்ல போய் நாமதான் திறக்கணும். ரூபாயில கட்டுறீங்களா, டாங்ல கட்டுறீங்களான்னு கேட்டா டாங்னு சொல்லுங்க. ரூபாயில காட்டுற மாற்று விகிதம் பெரும்பாலும் அவங்க லாபத்தையும் சேர்த்தது.

கடைசியா பேரு. நம்ம பாஸ்போர்ட்ல நிறைய பேருக்கு குடும்பப் பேர் கட்டம் காலியா இருக்கும், அப்பா பேரும் சொந்தப் பேரும் ஒரே கட்டத்துல உக்காந்திருக்கும். புக்கிங் தளமோ ரெண்டு கட்டத்தையும் நிரப்பாம விடாது. சில கம்பெனிங்க ஒரே பேரை ரெண்டு தடவை போடச் சொல்லும், சிலது பிரிச்சுப் போடச் சொல்லும். வாங்குறதுக்கு முன்னாடியே அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேட்டு, வந்த பதிலை போன்ல வெச்சுக்கோங்க. இ-விசாவுல பேர் எப்படி இருக்கோ அதோட ஒத்துப்போகுதான்னும் பாருங்க.

உள்நாட்டு ஃப்ளைட்டா இருந்தாலும் வெளிநாட்டுக்காரங்க அசல் பாஸ்போர்ட்டைக் காட்டணும், போன்ல இருக்கிற போட்டோ செல்லாது. அங்க நிறைய ஹோட்டல்ல செக்-இன் பண்ணும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்குவாங்க. காலைல 5 மணி ஃப்ளைட்டுன்னா முந்தின ராத்திரியே கேட்டு வாங்கிடுங்க. விடியக்காலைல கவுண்டர்ல இருக்கிற பையன்கிட்ட பல இடத்துல லாக்கர் சாவி இருக்காது.